வாசலுக்கு ஒரு வாய்

சீமாட்டிக்குச் சர்க்கரை வியாதி என்றதும் கொழுந்தன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

"குதிரைக்கா? நல்லாப் பாருங்க டாக்டரம்மா, எங்க அண்ணிக்கு இருக்கப்போகுது!"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. சின்ன வயசுப் பெண்தான். ஆனாலும் அந்தப் பெரிய குதிரையின் முன்னங்காலைத் தன் முழங்கால்மேல் தூக்கி வைத்துக்கொண்டு, தொட்டில் பிள்ளையின் பாதத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். குளம்பைச் சுற்றி உள்ளங்கையை வைத்தாள். பிறகு, "நீங்க தொட்டுப் பாருங்கம்மா," என்றாள்.

அண்ணி தொட்டுப் பார்த்தாள். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய ரொட்டியின் அடிப்பக்கம்போல் இருந்தது குளம்பு.

அவளை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். கொழுந்தன் கூப்பிட்டதைக் கேட்டு மாவு மூட்டை இறக்குகிறவன், விறகு போடுகிறவன், பால்காரன் என்று வாசலுக்கு வந்தவர்கள் எல்லாம் கூப்பிட்டு, அதுவே பெயராக நிலைத்துவிட்டது. நாமும் அப்படியே கூப்பிடுவோம், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

"மனுஷங்களுக்குச் சர்க்கரை ஏறினா கண்ணைப் பிடிக்கும், கிட்னியைப் பிடிக்கும். குதிரைக்குக் குளம்பைப் பிடிக்கும்மா," என்றாள் டாக்டரம்மா. "உள்ள இருக்கிற எலும்பு பிடிவிட்டுச்சுன்னா அப்புறம் இதால நிக்கவே முடியாது. நிக்க முடியாத குதிரையை..."

குதிரையின் காலை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்தாள்.

"இன்னையிலேர்ந்து ரொட்டி கிடையாது, பிஸ்கட் கிடையாது, கேரட் கிடையாது. பாகு கலந்த தீவனம் கிடையவே கிடையாது."

"வேற என்னதாம்மா இருக்கு?"

"காய்ஞ்ச புல்லு. அதையும் பச்சைத் தண்ணியில ஊற வெச்சு, தண்ணியைக் கொட்டிட்டு, புல்லை மட்டும் போடணும். புல்லுல இருக்கிற சர்க்கரை தண்ணியோட இறங்கிடும்."

"அதாவது டீயைக் கீழ கொட்டிட்டுத் தூளைத் தின்னச் சொல்றீங்க," என்றான் கொழுந்தன்.

"கிட்டத்தட்ட அப்படித்தான். இன்னொண்ணு. பிடிவாதம் பிடிச்சா, பசிச்சா தானா தின்னுட்டுப் போகட்டும்னு விட்டுடாதீங்க. இப்படிக் கொழுத்த குதிரை பட்டினி கிடந்தா ரத்தமே கெட்டுப்போயிடும். நாளன்னைக்குக் காலையில வர்றேன். அதுக்குள்ள ஒழுங்கா வாய் வைக்கலேன்னா, வண்டியில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூக்கு வழியாக் குழாய் போடணும். இந்தக் காலோட அவ்வளவு தூரம் வண்டியில நிக்குமான்னு எனக்கே நம்பிக்கை இல்லம்மா."

பழையதைத் தின்றால் கால் போகும். புதியதைத் தின்னாவிட்டால் உயிர் போகும். முன்னால் போனால் முட்டும், பின்னால் போனால் உதைக்கும் என்பார்களே, அந்தக் கதைதான். டாக்டரம்மா முன்குளம்பு இரண்டுக்கும் அடியில் தடித்த பஞ்சு ரப்பரை வைத்து, நாடாவால் சுற்றி ஒட்டினாள். மெத்தென்ற தரையில் நாலு எட்டு நடக்கலாம், தெருவில் மட்டும் இறக்கவே கூடாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கொழுந்தனும் வேனை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனான். அவனுக்கு மாலை ரொட்டி போட நேரமாகிவிட்டது.

அவன் அண்ணன்தான் சீமாட்டியை ஓட்டியவர். ஊருக்கு அவர் ரொட்டிக்காரர். கல்யாணமான நாளிலிருந்து, அண்ணி ராத்திரியெல்லாம் அடுப்பில் ரொட்டி சுடுவாள். விடிகிறபோது அவர் எழுந்து, சுட்டதைப் பெட்டியில் அடுக்கி, சீமாட்டியை வண்டியில் பூட்டிக்கொண்டு போவார். அவர் எழுந்ததுமே இவள் அந்தக் கட்டிலில் படுத்துவிடுவாள். அவர் வந்து, குதிரையை அவிழ்த்து, கணக்கு முடித்துச் சாயங்காலமே தூங்கிவிடுவார். இவள் எழுந்து மாவில் கை வைப்பாள். ஒரே கட்டில், இரண்டு ஷிப்ட். கட்டிலுக்குத்தான் ஓய்வே இல்லை என்று கொழுந்தன் கேலி செய்வான். பிள்ளை குட்டி இல்லை. சண்டையும் இல்லை. சண்டை போட நேரம் ஒத்துவர வேண்டாமா?

போன மழைக்காலத்தில் ரொட்டிக்காரர் போய்ச் சேர்ந்தார். கொழுந்தன் நல்லவன், தொழிலைக் கைவிடாமல் எடுத்து நடத்தினான். ஆனால் அவனுக்கு மின்சார அடுப்பு, வேறு இடத்தில் பட்டறை, வெள்ளை வேன். அண்ணிக்கு மிஞ்சியது வீடும் குதிரையும்.

வீடு என்றால் ரொட்டிக்காகவே கட்டிய வீடு. வேலைக்கு ஒரு வாசல் வைத்துக் கட்டியிருந்தார்கள். தெருப்பக்கம் கடைவாசல். பக்கவாட்டில் மாவு மூட்டை இறக்குகிற வாசல், அதை ஒட்டி அடுப்பறை வாசல். பின்னால் விறகு அறை, சமையல்கட்டு. அந்தப் பக்கம் சுற்றிவந்தால் படுக்கையறையிலிருந்து வெளியே வர ஒரு கதவு. வீட்டைச் சுற்றி ஒரு வண்டி போகிற அகலத்துக்கு வெறுந்தரை, அப்புறம் மதில், அதன் மூலையில் சீமாட்டியின் லாயம். இப்போது சமையல்கட்டு வாசல் மட்டும்தான் திறந்திருந்தது. மற்றவையெல்லாம் அடைத்துக் கிடந்தன. அண்ணி சமையல்கட்டிலேயே சமைத்து, நின்றபடி சாப்பிட்டு, மூலையில் பாய் போட்டுப் படுத்துக்கொள்வாள். ஒரு ஆளுக்கு எத்தனை அறை வேண்டியிருக்கிறது?

அன்று சாயங்காலமே புல்லை ஊறப்போட்டாள். பழைய மாவுத் தொட்டி இருந்தது. நாலு மூட்டை மாவு பிசைகிற தொட்டி. அதில் புல்லை அமுக்கி, தண்ணீர் விட்டு, மேலே ஒரு கல்லை வைத்தாள். வடித்தபோது தண்ணீர் தேநீர் நிறத்தில் இறங்கியது. அதைக் கொண்டுபோய் மதிலோரம் ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், எங்கிருந்துதான் மோப்பம் பிடித்ததோ, எறும்பு வரிசை கட்டிவிட்டது. சர்க்கரை இறங்கிவிட்டதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

எறும்புக்குப் பிடித்தது சீமாட்டிக்குப் பிடிக்கவில்லை. மூக்கைக் கொண்டுவந்து ஒரு முறை முகர்ந்தாள். மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டினாள். பிறகு புல்லை அள்ளி வைத்த கூடையை மூக்காலேயே ஒரு தள்ளு தள்ளிக் கவிழ்த்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

"ஏன்டி, சம்பந்தி வீட்டுக்காரி தோத்துப்போவா உன்கிட்ட! வெச்ச பந்தியைக் கவுக்கிறியா?"

அள்ளித் திரும்ப வைத்தாள். வலையில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தாள். நாலு புதினா இலையைக் கசக்கித் தூவினாள். சீமாட்டி புதினாவை மட்டும் நாக்கு நுனியால் பொறுக்கித் தின்றுவிட்டு, புல்லை அப்படியே விட்டாள். உப்புத் தண்ணீர் தெளித்தாள். கெஞ்சினாள். திட்டினாள். திட்டினது தப்பென்று நெற்றியைத் தடவிக் கொடுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வாளியின் சத்தம் கேட்டால் மட்டும் காதை நிமிர்த்துவாள். வாளியில் பாகுத் தீவனம் இல்லை என்று தெரிந்ததும் காது படுத்துவிடும்.

மறுநாள் விடிந்தபோதும் வைத்த புல் வைத்தபடியே கிடந்தது. சீமாட்டி இரண்டு முன்னங்கால்களையும் முன்னால் நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னால் தள்ளி நின்றுகொண்டிருந்தாள், சுடுதரையில் செருப்பில்லாமல் நிற்கிறவள் மாதிரி.

கொழுந்தன் போன் செய்தான். பின்னால் வேனின் இரைச்சல்.

"தின்னாளா அண்ணி?"

"இல்லப்பா."

"ரெண்டு பன்னைப் பிச்சு உள்ள மறைச்சு வெச்சுப் பாருங்களேன். டாக்டரம்மாவுக்குத் தெரியவா போகுது?"

"டாக்டரம்மாவுக்குத் தெரியாது. காலுக்குத் தெரியுமே."

வேன் நிற்கிற சத்தம் கேட்டது. பிறகு, "நான் சொன்னா மனசுல வெச்சுக்காதீங்க அண்ணி. அது அண்ணன் கூடவே சுத்தின குதிரை. உங்களை அதுக்கு என்ன தெரியும்? நீங்க ஒருத்தி இந்த வீட்ல இருக்கீங்கன்னே அதுக்கு இப்பதான் தெரிஞ்சிருக்கும்," என்றான்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னான். உள்ளதுதான் எப்போதும் உறுத்தும். போனை வைத்துவிட்டு அண்ணி சமையல்கட்டிலேயே நின்றாள். அவர் இருந்தபோதும் வீட்டில் பேச்சு இல்லைதான். ஆனால் அந்த மௌனத்தில் ஒரு ஆளுடைய மூச்சு இருந்தது. அடுத்த அறையில் ஒருவர் தூங்குகிறார் என்று மெதுவாக நடக்க வேண்டியிருந்தது. இப்போது பாத்திரத்தைக் கீழே போட்டு உடைத்தாலும், ஏன் என்று கேட்க நாதியில்லை.

போன் வந்த அவசரத்தில் லாயத்தின் கட்டையைப் போட மறந்துவிட்டாள் போலிருக்கிறது. கையில் நீர் சொட்டச் சொட்ட ஒரு கைப்பிடிப் புல்லோடு சமையல்கட்டு வாசலுக்கு வந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். சீமாட்டி நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்தாள்.

வந்தவள் வாசலுக்கு நேரே நிற்கவில்லை. வாசலைத் தாண்டி, நாலு எட்டு முன்னால் போய் நின்றாள். நின்று, கழுத்தை மட்டும் திருப்பி, கதவைப் பார்த்தாள்.

ஏன் அவ்வளவு தள்ளி நிற்கிறாள் என்று முதலில் அண்ணிக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. ரொட்டிப் பெட்டி வாசலுக்கு நேராக வருகிற மாதிரி நிற்கிறாள். இல்லாத வண்டிக்கு இடம் விட்டு நிற்கிறாள்.

அண்ணி படியிறங்கிப் போய்க் கையை நீட்டினாள். சீமாட்டி அந்த ஊறிய புல்லை, சர்க்கரை போன சக்கையை, முகர்ந்துகூடப் பார்க்காமல் உதட்டால் வாங்கிக்கொண்டாள். மென்றாள். விழுங்கினாள்.

அண்ணி ஓடிப்போய்த் தொட்டியிலிருந்து இன்னும் ஒரு கை அள்ளிவந்து நீட்டினாள். சீமாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாசலுக்கு ஒரு வாய். அதற்குமேல் கேட்பது மரியாதையில்லை என்று யாரோ அவளுக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள்.

"சரி, அப்ப அடுத்த வாசலுக்கு வா," என்று அண்ணி கடிவாளக் கயிற்றைப் பிடித்தாள். சீமாட்டி அசையவில்லை. "நட," என்றாள். "போ" என்றாள். நாக்கைத் தட்டிப் பார்த்தாள். சீமாட்டி கழுத்தைத் திருப்பியபடி, ஏதோ பாக்கி இருக்கிறது என்பதுபோல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். உயிருள்ள மிருகத்தை எவ்வளவு நேரம் இழுக்க முடியும், அதுவும் கால் வலிக்கிற மிருகத்தை?

கொழுந்தனுக்குப் போன் போட்டாள். "உங்க அண்ணன் குதிரையை நடக்க வைக்க என்னப்பா சொல்வாரு?"

"எனக்கென்ன அண்ணி தெரியும்? நான் சாவியைத் திருப்பினா வேன் நடக்குது. தெருக்காரங்களைக் கேளுங்க. தினமும் பார்த்தவங்க அவங்கதானே?"

அண்ணிக்கு அந்தத் தெருக்களைத் தெரியும், தெரியாது என்றும் சொல்லலாம். எந்த வீட்டுக்கு எத்தனை ரொட்டி, யாருக்கு மேல்தோல் சிவந்திருக்க வேண்டும், யாருக்குப் பல் இல்லாததால் மெத்தென்று இருக்க வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். முகங்களைத்தான் பார்த்ததில்லை. வெயில் ஏறுமுன் புடவையை மாற்றிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினாள். மாடி வீட்டில் மணி அடித்தும் யாரும் திறக்கவில்லை. மூலை வீட்டில் ஒரு பெரியவர் கதவைக் கால்வாசி திறந்து, ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிச் சாத்திவிட்டார். நாலு பன் வீடு. தினமும் அவருக்கென்று தனியாக வெண்ணெய் தடவியவள் அவள்.

தையல்கடையை இயந்திரச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்தாள். ஒரு நீள ரொட்டி, முனை கருகக்கூடாது. உள்ளே ஒரு பெண் ஊசியைப் பல்லில் கடித்தபடி நிமிர்ந்தாள்.

"என்ன தைக்கணும்?"

"தைக்க வரலைங்க. ரொட்டி போடுவாரே, குதிரை வண்டியில... அவரு வீட்லேர்ந்து வர்றேன்."

தையல்காரி ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். முகம் மலர்ந்தது. "அட! தூங்குறவங்களா நீங்க?"

"என்ன?"

"இல்லக்கா, கோவிச்சுக்காதீங்க. நாங்க அப்படித்தான் சொல்லுவோம். அவரு எங்க வாசல்ல வந்து நின்னு குசுகுசுன்னுதான் பேசுவாரு. ஏண்ணே தொண்டை கட்டிடுச்சான்னா, 'இல்லம்மா, வீட்ல தூங்குற நேரம்'பாரு. இங்கேயிருந்து உங்க வீட்டுக்கு மூணு தெரு! அவங்க காதுல விழவா போகுதுன்னு நாங்க எல்லாம் சிரிப்போம். ஆனாலும் சத்தம் போட மாட்டாரு. குசுகுசுன்னே ஊர்க்கதை அத்தனையும் பேசுவாரு. ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரே மனுஷன்!"

"அவரா?" என்றாள் அண்ணி.

"பின்ன? உங்ககிட்ட பேசாமலா இருந்திருப்பாரு?"

தையல்காரி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். அதன்மேல் கிடந்த வெட்டுத் துணிகளைத் தட்டிவிட்டு உட்காரச் சொன்னாள். அண்ணி உட்கார்ந்து, வந்த விஷயத்தைச் சொன்னாள்.

"ஒரு வாய் தின்னுட்டு அப்படியே நிக்குதா? வாசலுக்கு ஒரு வாய் நாங்கதானே கொடுத்துப் பழக்கினோம். நிக்கத்தானே செய்யும். சொல்லிட்டுப் போக வேணாமா?" என்றாள் தையல்காரி.

"என்னத்தைச் சொல்லிட்டு?"

"போயிட்டு வரேன்னுதான். அவரு அதோட காதுகிட்ட குனிஞ்சு, 'போயிட்டு வரோம்னு சொல்லு'ம்பாரு. அது தலையை ஆட்டும். நாங்க இங்கேருந்து 'போயிட்டு வாங்க'ங்கணும். அப்பதான் நகரும். ஒரு நாள் நான் போன்ல பேசிட்டே மறந்து உள்ள வந்துட்டேன்க்கா. திரும்பிப் பார்த்தா, தலையை உள்ள விட்டுக்கிட்டு நிக்குது! வெளிய பின்னால வந்த பஸ்காரன் ஹாரன் மேல ஹாரன் அடிக்கிறான். அவரு என்னடான்னா, 'நீ பதில் சொல்லும்மா, அவ மரியாதை தெரிஞ்சவ'ன்னு சொல்லிட்டுப் பல்லைக் காட்டிட்டு நிக்கிறாரு." அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் வேணா கூட வரட்டாக்கா? கடையைச் சாத்திட்டு வந்துடறேன்."

வா என்று சொல்லத்தான் அண்ணிக்கு ஆசை. தொண்டைவரை வந்தது. ஆனால் மேசைமேல் பாதி தைத்த சட்டை கிடந்தது, வாசலில் ஒரு அம்மாள் அளவு கொடுக்க வந்து நின்றுகொண்டிருந்தாள். "இல்லம்மா, பரவால்ல. உன் வேலையைப் பாரு," என்று எழுந்தாள். எத்தனையோ வருஷம் தனியாகவே வேலை செய்து பழகியவளுக்கு, வா என்ற ஒரு சொல் அவ்வளவு சீக்கிரம் வாயில் வருமா?

வருகிற வழியில் மரப்பட்டறையில் நின்று நாலைந்து மூட்டை மரத்தூள் கேட்டு, தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தாள். வீட்டைச் சுற்றி, குதிரை நடக்கிற தடத்தில் மெத்தென்று பரப்பினாள். பிறகு கதவுகளைத் திறக்க ஆரம்பித்தாள்.

கடைவாசலின் தாழ் துருவேறியிருந்தது. எண்ணெய் விட்டு, அம்மிக்குழவியால் தட்டித் திறந்தாள். மாவு அறைக் கதவைத் திறந்ததும் பழைய மாவு வாடை முகத்தில் அடித்தது. அடுப்பறையில் சிலந்தி வலை. விறகு அறைக் கதவு மழைக்கு ஊதிப்போய் அசைய மறுத்தது, தோளைக் கொடுத்து முட்டினாள். படுக்கையறைக் கதவைக் கடைசியாகத் திறந்தாள். கட்டில் மேல் மெத்தையைச் சுருட்டி வைத்தது வைத்தபடி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை. ஒவ்வொரு வாசலுக்கு உள்ளேயும் ஒரு சட்டியில் வடித்த புல்லை வைத்துவிட்டு, காத்துக் காத்து அலுத்துத் தானே லாயத்துக்குத் திரும்பியிருந்த சீமாட்டியை நடத்திக் கூட்டிவந்தாள்.

முதலில் கடைவாசல். சீமாட்டி தாண்டி நின்றாள். அண்ணி கயிற்றை விட்டுவிட்டு உள்ளே ஓடி, வீட்டுக்காரியாக வெளியே வந்து, ஒரு கைப்பிடியை நீட்டினாள். சீமாட்டி வாங்கிக்கொண்டாள், பிறகு கதவைப் பார்த்தாள். அண்ணி சுற்றிக்கொண்டு குதிரையின் தலைமாட்டுக்கு வந்தாள். இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது அவளுக்கு. மதிலுக்கு வெளியே யாராவது போகிறார்களா என்று எட்டிப் பார்த்துக்கொண்டாள். குனிந்து, குரலைத் தணித்து, "போயிட்டு வரோம்னு சொல்லு," என்றாள்.

சீமாட்டியின் காது இரண்டும் சட்டென்று அவள் பக்கம் திரும்பின. தலையை ஒரு முறை மேலும் கீழும் ஆட்டினாள். ஆட்டிவிட்டு, வாசலைப் பார்த்துக் காத்திருந்தாள்.

வாசலில் யாரும் இல்லை. திறந்த கதவும், உள்ளே இருட்டும், காலியான அலமாரியும்தான் இருந்தன. அண்ணி மறுபடி படியேறிப் போய் நின்று, "போயிட்டு வாங்க," என்றாள்.

சீமாட்டி நடந்தாள்.

இப்படியே ஒவ்வொரு வாசலாகப் போயிற்று. மாவு அறையில் ஒருத்தியாக வெளியே வந்தாள், அடுப்பறையில் இன்னொருத்தியாக. போகிறவளும் அவளே, வழியனுப்புகிறவளும் அவளே. விறகு அறை வாசலுக்கு வரும்போது மூச்சு வாங்கியது. "இந்த வீட்டம்மாவுக்கு மூட்டு வலி, கொஞ்சம் பொறுத்துக்க," என்று சீமாட்டியிடம் சொன்னாள். சீமாட்டி பொறுத்துக்கொண்டாள். சமையல்கட்டு வாசலில் கைப்பிடியோடு நிறுத்தாமல், படியருகே ஒரு குவியல் புல்லையும் வைத்துப் பார்த்தாள். முதல் வாய் கையிலிருந்து போனதும், சீமாட்டி தானே குனிந்து குவியலிலும் வாய் வைத்தாள். விருந்தாளிக்கு முதல் வாய்தானே வெட்கம்.

படுக்கையறை வாசலில், அண்ணி கட்டிலை ஒட்டி நின்று வெளியே பார்த்தாள். அவர் தினமும் இதோ, இந்த முற்றத்தில் வண்டி பூட்டிக்கொண்டு போயிருக்கிறார். எழுப்பக்கூடாது என்று சத்தமில்லாமல் போயிருக்கிறார். குசுகுசுவென்று ஏதாவது சொல்லிவிட்டுப் போனாரோ என்னவோ. சொல்லியிருந்தாலும், தூங்குகிறவளுக்கு எப்படிக் கேட்கும்? சீமாட்டி கழுத்தைத் திருப்பிக் காத்துக்கொண்டு நின்றாள்.

"போயிட்டு வாங்க," என்றாள் அண்ணி. மற்ற வாசல்களில் சொன்னதைவிடக் கொஞ்சம் மெதுவாக வந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் எத்தனை சுற்று வந்தார்களோ, அவள் எண்ணவில்லை. இடையிடையே குதிரையை மரத்தூள் மேல் நிறுத்தி ஓய்வு கொடுத்தாள். தானும் படியில் உட்கார்ந்து, காலையில் வடித்த சோற்றைத் தட்டில் போட்டுச் சாப்பிட்டாள். மாவுத் தொட்டி காலியானது. மறுபடி ஊறப்போட்டாள்.

டாக்டரம்மா சொன்னபடி மறுநாள் காலையில் வந்தாள். பின்னாலேயே, குதிரையை ஏற்ற உதவுவதற்காகக் கொழுந்தனும் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தான். இருவரும் கேட்டருகிலேயே நின்று ஒரு முழுச் சுற்றையும் பார்த்தார்கள். கொழுந்தன் ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தான். அடுப்பறை வாசலில் அண்ணி உள்ளே போவதும் வெளியே வருவதுமாக ஓடுவதைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டான். டாக்டரம்மா குளம்பைத் தொட்டாள், கழுத்து நரம்பைப் பிடித்துப் பார்த்தாள், ஈறை அழுத்திப் பார்த்தாள்.

"சூடு இன்னும் இருக்கு. காலு சரியாக மாசக்கணக்கு ஆகும்மா," என்றாள். "ஆனா தின்னுடுச்சு. குழாய் வேணாம். எங்கேயும் கொண்டுபோக வேணாம்."

அண்ணி குதிரையின் கழுத்தில் கையை வைத்தபடி நின்றாள்.

"தினமும் இப்படிச் சுத்தினா நீங்க படுத்துடுவீங்கம்மா, அதுக்கும் கால் ஆறணும். தின்னப் பழகிடுச்சு இல்ல, இனிமே ஒவ்வொரு வாசலாக் குறைச்சுக்கிட்டு வாங்க. கடைசியில லாயத்துலயே நின்னு தின்னும். அதுதான் இதுக்கு நல்லது."

"சரிம்மா," என்றாள் அண்ணி.

டாக்டரம்மா பையை எடுத்துக்கொண்டாள். "வரேம்மா."

"நானும் போயிட்டு வரேன் அண்ணி," என்றான் கொழுந்தன்.

"போயிட்டு வாங்க," என்றாள் அவள், இருவருக்கும் சேர்த்து. இந்த முறை அதைச் சொல்லப் படியேறி ஓட வேண்டியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் கடைவாசல் கதவைச் சாத்தினாள். நாலைந்து நாளில் மாவு அறையைச் சாத்தினாள். அப்புறம் அடுப்பறை, அப்புறம் விறகு அறை. சீமாட்டி சாத்திய கதவுக்கு முன்னால் ஒரு நொடி தயங்குவாள். பிறகு, வீட்டில் ஆளில்லை என்று தெரிந்துகொண்டவளாக அடுத்ததற்கு நடப்பாள். படுக்கையறைக் கதவை வேண்டுமென்றே இரண்டு நாள் கூடுதலாகத் திறந்து வைத்திருந்தாள் அண்ணி. பிறகு அதையும் சாத்தினாள். குளம்புக்கு எது நல்லதோ அதுதானே நடக்க வேண்டும்.

சமையல்கட்டு வாசலில் புல் கொடுப்பதையும் நிறுத்தியதும், கடைசியில் லாயத்து வாசல் ஒன்றுதான் மிஞ்சியது. அன்றைக்குச் சீமாட்டி எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. உள்ளேயே நின்றாள், புல் அவள் முன்னால் குவியலாகக் கிடந்தது. அண்ணி ஒரு கைப்பிடியை நீட்டினாள். வாங்கிக்கொண்டாள். அப்புறம் தலையைக் குனிந்து, தானே குவியலிலிருந்து தின்ன ஆரம்பித்தாள்.

இனி போகவேண்டியது குதிரை இல்லை. அண்ணிதான். வாளியை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்தவள் திரும்பி நின்றாள். "போயிட்டு வரேன்," என்றாள், குரலைத் தணித்துக்கொண்டு.

சீமாட்டி நிமிரவில்லை. மென்றுகொண்டிருந்தாள், கரக், கரக் என்று, ஈரப்புல்லை அரைக்கிற சத்தம் மட்டும் லாயம் முழுக்கக் கேட்டது. அண்ணி வாசலிலேயே நின்று, அந்தச் சத்தம் நிற்காது என்று உறுதியாகிற வரைக்கும் கேட்டாள். பிறகு அடுத்த வேளைக்குப் புல்லை ஊறப்போடப் போனாள்.